எந்த வயதில் வரைய வேண்டும்?

கும்பகோணத்தில் உருவப்பட ஓவியராக இருக்கும் இவர், அங்குள்ள அரசு கவின்கலைக் கல்லூரியில் படித்தவர். வீட்டு மாடியில் சிறுவர்களுக்கும் பெரியவர்களுக்கும் ஓவிய வகுப்பு எடுக்கிறார். வாசகர்களின் கேள்விகளுக்கு இந்த இதழில் அவருடைய பதில்கள்.

ஓவியர்களுக்கு ஒரு நாள் எப்படிப் போகும்? மூடு வந்தால்தான் வரைவீர்களா?
– இல்லத்தரசி, மயிலாடுதுறை

மூடுக்குக் காத்திருந்ததில்லை. வெளிச்சத்துக்குத்தான் காத்திருப்பேன். என் மாடி அறையில் வடக்குப் பார்த்த பெரிய ஜன்னல் இருக்கிறது. வடக்கு வெளிச்சம்தான் ஓவியருக்கு நல்லது, வெயில் நேராக உள்ளே விழாது, நிழல் நகராது என்று வெளிநாட்டுப் புத்தகங்களில் எழுதியிருப்பார்கள். நம் ஊருக்கு அது முழுசாகப் பொருந்தாது. சித்திரை முதல் வாரத்திலிருந்து ஆவணி முதல் வாரம் வரை உச்சிச் சூரியன் நம் தலைக்கு வடக்கே இருக்கும். அந்த மாதங்களில் ஜன்னலுக்கு ஒரு பழைய வேட்டியைக் கட்டித்தான் வரைகிறேன்.

காலை 9 மணியிலிருந்து 1 மணி வரை முகம் மட்டும். மத்தியானம் கேன்வாஸ் இழுத்துக் கட்டுவது, பிரைமர் அடிப்பது, புடவை, பின்னணி. சாயங்காலம் ஸ்கெட்ச் புக்கோடு மகாமகக் குளக்கரைக்கோ கும்பேஸ்வரர் கோயில் கடைத்தெருவுக்கோ போவேன். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் முகத்தில் கை வைப்பதில்லை. ட்யூப் லைட்டில் கலந்த தோல் நிறம் மறுநாள் பகல் வெளிச்சத்தில் வேறாகத் தெரியும்.

காலமான என் மாமியாரின் படம் வரைய வேண்டும். தனியாக எடுத்த போட்டோ ஒன்றுகூட இல்லை. ஒரு கல்யாண குரூப் போட்டோவில் சின்னதாக நிற்கிறார். அதை வைத்து வரைய முடியுமா?
– வாசகி, மன்னார்குடி

முடியும் அம்மா. என்னிடம் வரும் வேலையில் பெரும்பகுதி இப்படிப்பட்டதுதான். வாக்காளர் அட்டை, ரேஷன் கார்டு, பாஸ்புக்கில் ஒட்டிய பாஸ்போர்ட் சைஸ் படம். எழுபது எண்பது வயதில் போன பெண்களுக்குக் கிடைக்கிற முகம் அவ்வளவுதான். அதே வீட்டில் அப்பாவுக்கு ஸ்டூடியோவில் நாற்காலி போட்டு எடுத்த படம் இருக்கும். அம்மா குரூப்பில் மூன்றாவது வரிசையில், பாதி முகம் யாருடைய தோளுக்கோ பின்னால்.

போட்டோ கொண்டுவருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, எந்த வயதில் வரைய வேண்டும் என்றுதான். பலர் அதை யோசித்தே வந்திருக்கமாட்டார்கள். மூத்த மகனின் மனதில் அம்மாவுக்கு நாற்பது வயது. கடைசி மகளுக்கு அவள் அறுபது வயதுக்காரி. என் எதிரிலேயே விவாதம் நடக்கும். நடக்கட்டும் என்று விட்டுவிடுவேன். அவர்கள் ஒரு முடிவுக்கு வந்த பிறகுதான் பென்சில் எடுப்பேன்.

அடுத்து ஒரு நோட்டில் குறித்துக்கொள்வேன். மூக்குத்தி ஒரு பக்கமா, இரண்டு பக்கமுமா? வகிடு நேராகவா, கோணலாகவா? தோட்டின் கனத்தில் காதுத் துளை எவ்வளவு இறங்கியிருந்தது? விபூதி பூசுவாரா? குங்குமம் எந்த அளவு? பழைய ஸ்டூடியோ பிரிண்டுகளில் நெகட்டிவைத் திருப்பிப் போட்டு அச்சிட்டதும் உண்டு. புடவைத் தலைப்பு வலது தோளில் கிடந்தால் படம் இடவலம் மாறியிருக்கிறதோ என்று சந்தேகப்படுவேன். ஐயர் வீட்டு மடிசாரில் தலைப்பு வலது தோளில்தான் வரும் என்பதால், அதையும் கேட்டுத் தெளிந்துகொள்வேன்.

திருவாரூர்ப் பக்கத்திலிருந்து மூன்று சகோதரிகள் வந்தார்கள். போட்டோவில் அம்மாவின் முகம் சுண்டுவிரல் நகம் அளவு. வாய் இறுக மூடியிருந்தது. கோபக்காரரோ என்று தோன்றும். மூத்தவர் சொன்னார்: “மேல் பல் ஒண்ணு விழுந்துபோச்சுங்க. அதை மறைக்க உதட்டை உள்ளே மடிச்சுக்கும். சிரிக்கும்போதும் அப்படித்தான்.” நடு மகளுக்குத் தாடை அச்சாக அம்மாவுடையது. அவரை ஜன்னலோரம் உட்காரவைத்து, உதட்டை அப்படியே மடித்துக் காட்டச் சொன்னேன். “இதேதான், இதேதான்” என்று மற்ற இருவரும் எழுந்துவிட்டார்கள். வாயின் இடது ஓரத்தில் ஒரு சின்ன மடிப்பு விழுந்தது. அந்த மடிப்பைத்தான் கேன்வாஸுக்கு எடுத்தேன். கம்ப்யூட்டரில் எவ்வளவு பெரிதாக்கினாலும் அந்தப் போட்டோவில் இருப்பது புள்ளிகள்தான். தோலுக்கு அடியில் எலும்பு எப்படி ஓடுகிறது என்பதை உயிரோடு இருக்கும் உறவுக்காரர் முகத்தில்தான் பார்க்க முடியும்.

பொட்டு விஷயம் கட்டாயம் வரும். கணவர் போன பிறகு எடுத்த போட்டோவில் நெற்றி வெறுமையாக இருக்கும். பிள்ளைகள் பொட்டு வைத்து வரையச் சொல்வார்கள், பெரியவர்கள் கூடாது என்பார்கள். நான் பிள்ளைகள் பக்கம். வாழ்நாளில் பெரும்பகுதி அந்த நெற்றியில் இருந்த பொட்டை, அந்த அம்மா போன பிறகும் தடுக்க யாருக்கும் உரிமை கிடையாது. இதைப் பெரியவர்களிடம் பக்குவமாகச் சொல்லிப் பார்ப்பேன். பல வீடுகளில் சம்மதித்திருக்கிறார்கள்.

உங்கள் குரூப் போட்டோவை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாதீர்கள், பாதி விவரம் அதில் போய்விடும். 1200 டிபிஐயில் ஸ்கேன் எடுத்து ஃபைலாக அனுப்புங்கள். போட்டோ பிரேம் கண்ணாடியில் ஒட்டியிருந்தால் பிய்க்க வேண்டாம், கண்ணாடியோடு ஸ்கேன் செய்யுங்கள். ஜாடை ஒத்த உறவினர் யார் என்பதையும் எழுதுங்கள்.

பதினாறாம் நாள் காரியத்துக்குள் ஆயில் பெயின்டிங் கிடைக்குமா?
– வாசகர், பட்டுக்கோட்டை

கிடைக்காது. ஆயில் கலர் ஆவியாகிக் காய்வதில்லை. அதிலிருக்கும் ஆளிவிதை எண்ணெய் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்ல இறுகுகிறது. மெல்லிய பூச்சுகூடத் தொட்டால் ஒட்டாத நிலைக்கு வரச் சில நாள் ஆகும். வெள்ளை அதிகம் சேர்ந்த இடம் இன்னும் தாமதம். அடிப்பூச்சு காயாமல் மேலே பூசினால் பின்னாளில் வெடிப்பு விடும்.

சீக்கிரம் காயும் அக்ரிலிக் கலரில் அவசரமாகப் போட்டுத் தரலாம் என்று சொல்வார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. அந்தப் பதினாறு நாளில் வீட்டில் இருப்பவர்களால் முகத்தைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. அழுகைதான் வரும். படத்திறப்புக்குப் போட்டோவைப் பெரிதாக்கி வையுங்கள். தலைத்திவசத்துக்கு ஓவியம் வைத்துக்கொள்ளலாம்.

அக்காவின் கல்யாணத்துக்கு ஜோடிப் படம் வரையச் சொல்லியிருக்கிறோம். “பொண்ணைக் கொஞ்சம் கலரா போடச் சொல்லுங்க” என்கிறார்கள் மாப்பிள்ளை வீட்டார். நீங்களாக இருந்தால் செய்வீர்களா?
– கல்லூரி மாணவி, திண்டுக்கல்

செய்யமாட்டேன். இந்த ஒரு விஷயத்தில் வேலை கைவிட்டுப் போனாலும் பரவாயில்லை என்று இருக்கிறேன்.

தொழில் முறையிலேயே அது தப்பு. முகத்தில் எல்லாம் ஒன்றுக்கொன்று சம்பந்தப்பட்டது. தோலின் கருமைக்குப் பக்கத்தில்தான் கண்ணின் வெண்மை அவ்வளவு வெண்மை, புருவம் அந்தப் புருவம். தோலை மட்டும் வெளுத்தால் கண் செத்துவிடும், ஜாடை போய்விடும். “நல்லாத்தான் இருக்கு, ஆனா எங்க பொண்ணு மாதிரி இல்லையே” என்று அதே மாப்பிள்ளை வீட்டார்தான் பிறகு சொல்வார்கள்.

கறுத்த தோலை எப்படி வரைகிறேன் என்று சொல்கிறேன், உன் அக்காவிடம் காட்டு. கறுப்பு ட்யூபைத் தோலுக்குத் தொடுவதே இல்லை. நிழலுக்கு பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்பு, அல்ட்ராமரைன் ப்ளூ, ஒரு துளி அலிசரின் என்ற கருஞ்சிவப்பு. நடுத்தோலுக்கு பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு, எல்லோ ஆக்கர் என்ற மஞ்சள் காவி. நெற்றி மேடு, மூக்குத் தண்டு, கன்ன எலும்பு, இந்த மூன்றில்தான் வெளிச்சம் வந்து உட்காரும். அங்கே வெறும் வெள்ளையைக் கலந்தால் சாம்பல் பூத்ததுபோல ஆகிவிடும். ஜன்னலோரம் உட்கார்ந்த கறுத்த பெண்ணின் நெற்றியைப் பக்கத்தில் போய்ப் பார், வானத்து நீலம் அதில் இறங்கியிருக்கும். அந்த இளநீலத்தைக் கலந்து, தட்டை பிரஷால் ஒரே இழுப்பாக வைக்க வேண்டும். தேய்க்கக் கூடாது. தாடைக்கு அடியில், கட்டியிருக்கும் புடவையின் நிறம் ஏறும். அரக்குப் பட்டென்றால் அங்கே செம்பழுப்பு, கிளிப்பச்சை என்றால் லேசான பச்சை. வெளுத்த தோலில் இருட்டுக்கும் பளிச்சுக்கும் இவ்வளவு தூரம் கிடைக்காது. வரைகிறவருக்கு இதைவிடச் சந்தோஷமான வேலை இல்லை.

வரைகிற ஓவியரிடம் அக்காவை ஒரு மணி நேரம் நேரில் உட்காரவைக்கச் சொல். பியூட்டி பார்லர் மேக்கப்போடு எடுத்த நிச்சயதார்த்த போட்டோவைக் கொடுக்காதீர்கள்.

விலையை எப்படி வைக்கிறீர்கள்?
– வளரும் ஓவியர், ஈரோடு

கேன்வாஸ், கலர், பிரேம் செலவைத் தனியாக எழுதுங்கள். அதோடு எத்தனை நாள் வேலையோ அத்தனை நாள் கூலி. உங்கள் ஊரில் நல்ல கொத்தனார் ஒரு நாளைக்கு என்ன வாங்குகிறாரோ, அதைவிடக் குறைவாக வாங்காதீர்கள். படத்தில் முகம் கூடினால் விலையும் கூட வேண்டும், ஏனென்றால் நேரம் போவது முகத்தில்தான். பாதிப் பணம் முன்பணம், பென்சில் கோட்டிலேயே ஜாடை சரி என்று வீட்டார் சொல்ல வேண்டும், மீதி கொடுத்த பிறகே படம். சொந்தக்காரர்களுக்கும் இதே விதி. “கலர் காசு மட்டும் வாங்கிக்கோ” என்று கேட்பவர்களுக்கு ஒரு பென்சில் ஸ்கெட்ச் அன்பளிப்பாகக் கொடுங்கள், ஆயிலில் வேண்டாம்.

யாரைப் பார்த்து வரைய வந்தீர்கள்? இப்போதும் உங்களை வரையத் தூண்டுவது எது?
– ஆசிரியர், நாமக்கல்

உங்கள் ஊரிலிருந்தே தொடங்கலாம் சார். கோயில் சிற்பங்களைக் கோட்டோவியமாக வார இதழில் ஆண்டுக்கணக்கில் வரைந்த சில்பி நாமக்கல்காரர். நாமக்கல் கவிஞரும் கவிஞராகப் பெயர் எடுப்பதற்கு முன் உருவப்பட ஓவியர். பத்திரிகை ஓவியர் கோபுலு படித்தது எங்கள் கும்பகோணத்து ஓவியப் பள்ளியில். சிறுவயதில் எங்கள் வீட்டுக் கூடத்தில் கோவில்பட்டி சி. கொண்டையராஜுவின் காலண்டர் முருகன் மாட்டியிருந்தது. அந்தப் பட்டின் மடிப்பைப் பார்த்துப் பார்த்துத்தான் துணி வரையப் பழகினேன்.

இப்போது தூண்டுவது தாராசுரம். ஐராவதேஸ்வரர் கோயிலுக்கு வருகிறவர்கள் கல் தேரையும் ஒரே தலையில் யானையும் காளையுமாகத் தெரியும் சிற்பத்தையும் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். கருவறைச் சுவரின் அடிப்பகுதியில் நாயன்மார் கதைகள் சின்னச் சின்னச் சிற்பங்களாக வரிசையாக ஓடுகின்றன. தரையில் உட்கார்ந்தால்தான் சரியாகத் தெரியும். இரண்டாம் ராஜராஜன் காலத்துச் சிற்பி அந்தச் சிறிய கல்லில் ஓர் ஆள் குனிவதையும் திரும்புவதையும் முதுகு வளைவு ஒன்றிலேயே சொல்லிவிடுகிறார். முகம் தேய்ந்துபோன உருவங்கள்கூட என்ன செய்கின்றன என்று புரிகிறது. உருவப்படக்காரியான எனக்கு அது பெரிய பாடம். முகத்தை முடிப்பதற்கு முன் தோளும் கழுத்தும் அந்த ஆளாக நிற்கிறதா என்று பார்க்கிறேன்.

தஞ்சைப் பெரிய கோயிலில் கருவறையைச் சுற்றிய உள்சுற்றில் இருக்கும் சோழர் கால ஓவியங்களை 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தார். நாயக்கர் காலப் பூச்சுக்கு அடியில் அவை மறைந்துகிடந்தன. அவற்றின் படப் பிரதிகளை ஒரு முறையாவது நின்று பாருங்கள். சித்தன்னவாசல் கூரையில் உள்ள தாமரைக் குளத்தையும் மாணவர்களுக்குக் காட்டுங்கள். காவியும் சுண்ணாம்பும் கரியும்போல மிகச் சில நிறங்களை வைத்துக்கொண்டே என்ன செய்திருக்கிறார்கள் என்று பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். 48 கலர் பெட்டி கேட்டு அழுவதைக் கொஞ்சம் நிறுத்துவார்கள்.

செயற்கை நுண்ணறிவுச் செயலியில் போட்டோவைக் கொடுத்தால் ஒரு நிமிடத்தில் ஆயில் பெயின்டிங் போலவே வருகிறதே?
– மென்பொருள் பணியாளர், ஓசூர்

வருகிறது. வாடிக்கையாளர்களே எடுத்து வந்து காட்டுகிறார்கள். ஒரு பாட்டியின் படத்தில், தொங்கிய காதுத் துளையை மூடி அழகான கம்மல் ஒன்றை மாட்டியிருந்தது. கன்னச் சுருக்கம் போயிருந்தது. இல்லாத பல் முளைத்திருந்தது. தெரியாத இடத்தை அது வேறு யார் யாருடைய முகங்களிலிருந்தோ நிரப்புகிறது. நான் தெரியாத இடத்துக்கு அந்த வீட்டு மனிதர்களைக் கேட்கிறேன். எங்கள் இருவர் வேலையும் வேறு.

ஆனால் என் கவலை எனக்காக மட்டும் இல்லை. ஃப்ளெக்ஸ் வந்தபோது சுவர் எழுத்தும் பேனரும் வரைந்த எத்தனையோ கைகள் வேலையிழந்தன. இப்போது புத்தக அட்டையும் பத்திரிகைப் படமும் வரைகிறவர்கள் அந்த நிலையில் நிற்கிறார்கள். படத்துக்குக் காசு கொடுக்கும் இடத்தில் நீங்கள் இருந்தால், ஒரு ஓவியரைக் கூப்பிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

என் ஆறு வயது மகள் கோட்டைத் தாண்டித்தான் கலர் அடிக்கிறாள். போட்டிகளில் பரிசே வருவதில்லை. எப்படித் திருத்துவது?
– ஒரு தாய், விருதுநகர்

திருத்த வேண்டாம். கோடு போட்ட கலரிங் புத்தகத்தை எடுத்து உள்ளே வையுங்கள். பெரிய தாள் கொடுங்கள், பழைய செய்தித்தாள்கூடப் போதும். தரையில் சாக்பீஸ் கொடுங்கள். மார்கழியில் நீங்கள் கோலம் போடும்போது நாலு புள்ளியை அவளையும் வைக்கச் சொல்லுங்கள். கண்ணும் கையும் சேர்ந்து வேலை செய்யப் புள்ளிக்கோலத்தைவிட நல்ல பயிற்சி நான் பார்த்ததில்லை.

என் சனி, ஞாயிறு வகுப்பில் மாம்பழம் வரையச் சொன்னால் எல்லாக் குழந்தைகளும் மஞ்சளைத்தான் எடுப்பார்கள். ஒரு பங்கனபள்ளியைக் கையில் கொடுத்து, இதில் எத்தனை நிறம் இருக்கிறது என்று கேட்பேன். காம்பு பக்கம் பச்சை, ஒரு கன்னத்தில் ஆரஞ்சு, பால் வடிந்த இடத்தில் கறுப்பு, தோலில் பொட்டுப் பொட்டாகப் புள்ளி. ஒரு பையன், “மிஸ், என் சட்டைக் கலரும் இதுல தெரியுது” என்றான். உண்மையிலேயே தெரிந்தது, சிவப்புச் சட்டை. அன்றைக்கு அவனுக்கு நான் வேறெதுவும் சொல்லித் தரவில்லை. அது போதும்.

போட்டிக்கு அனுப்புவதைக் கொஞ்ச நாள் நிறுத்திவையுங்கள் அம்மா. அங்கே பரிசு வாங்கும் மலை, சூரியன், தென்னை மரம், குடிசை எல்லாம் பெரியவர்கள் மனப்பாடம் செய்யவைத்த படங்கள்.

பிளஸ் டூ முடிக்கப்போகிறேன். கவின்கலைக் கல்லூரியில் சேர ஆசை. வீட்டில், சோறு போடாது என்கிறார்கள்.
– மாணவன், அரியலூர்

தம்பி, அவர்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. விவரத்தோடு பேசு. சென்னையில் 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளிதான் இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி. தேவி பிரசாத் ராய் சௌத்ரி 1929இல் அங்கே தலைமைக்கு வந்தார். மெரினாவில் இருக்கும் உழைப்பாளர் சிலை அவர் செய்தது. அவருக்குப் பின் வந்த கே.சி.எஸ். பணிக்கர், 1966இல் ஓவியர்கள் சேர்ந்து வாழ்ந்து வரைய சோழமண்டலம் கிராமத்தை உருவாக்கினார். கும்பகோணத்திலும் அரசு கல்லூரி உண்டு, புதுச்சேரியில் பாரதியார் பல்கலைக்கூடம் உண்டு. படிப்பு நாலு வருடம். சேர்க்கையில் வரைந்து காட்டச் சொல்வார்கள். அதனால் இன்றிலிருந்தே வீட்டு மனிதர்களை உட்காரவைத்து வரை, போட்டோவைப் பார்த்து வேண்டாம்.

வேலை என்றால் அனிமேஷன், துணி டிசைன், சினிமா கலைத்துறை, பள்ளி ஓவிய ஆசிரியர். என்னைப்போல வெறும் உருவப்படத்தில் வாழ்கிறவர்கள் குறைவு. எனக்கும் வகுப்பு வருமானம்தான் மாதாந்திரச் செலவைத் தாங்குகிறது. இதை உன் அப்பாவிடம் மறைக்காமல் சொல். அதற்குப் பிறகும் ஆசை குறையவில்லை என்றால் சேர்ந்துவிடு.

ஆயில் படத்தை வீட்டில் எப்படிப் பாதுகாப்பது?
– வாசகர், நாகப்பட்டினம்

கடலோர ஊர், உப்புக் காற்று. ஈரம் இறங்கும் சுவரில் மாட்டாதீர்கள். படத்துக்குப் பின்னால் நாலு மூலையிலும் கார்க் துண்டு ஒட்டினால் காற்று ஓடும், பூசணம் பிடிக்காது. ஈரத்துணியால் துடைக்க வேண்டாம், காய்ந்த மெல்லிய பிரஷ் போதும். வார்னிஷ் ஆறு மாதம் கழித்து.

முக்கியமான எதிரி சந்தனம். நம் வீடுகளில் வெள்ளிக்கிழமை தோறும் படத்தின் நெற்றியில் சந்தனம் குங்குமம் வைப்போம், ஈர மாலை போடுவோம். கேன்வாஸ் அதைத் தாங்காது. வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. அதனால் முன்னால் கண்ணாடி போட்டு, கேன்வாஸுக்கும் கண்ணாடிக்கும் நடுவே இடைவெளி விட்டு பிரேம் செய்யச் சொல்கிறேன். சந்தனத்தைக் கண்ணாடியில் வைத்துக்கொள்ளலாம்.

எனக்கு 68 வயது. கை லேசாக நடுங்குகிறது. இனிமேல் வரையக் கற்க முடியுமா?
– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், காரைக்குடி

தாராளமாக வாருங்கள் ஐயா. நடுக்கம் விரலில் இருக்கிறது, தோளிலிருந்து வரைந்தால் அது குறையும். மேஜையில் குனிந்து சின்னத் தாளில் வரையாதீர்கள். முழுத் தாளை ஒரு பலகையில் கிளிப் போட்டு, கண் உயரத்துக்கு நிறுத்தி, நின்றுகொண்டு வரையுங்கள். கூர்மையான பென்சில் வேண்டாம். கடையில் வில்லோ சார்கோல் என்று கேட்டால் கரிக்குச்சி கிடைக்கும், அதைப் படுக்கவைத்துப் பிடித்து இழுங்கள். முதல் மாதம் வீட்டுப் பித்தளைச் செம்பு ஒன்றே போதும். செட்டிநாட்டில் அதற்குப் பஞ்சமில்லை. வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் விழுகிற மாதிரி வைத்து, கோடு போடாமல் முதலில் நிழலை மட்டும் நிரப்புங்கள். தினமும் தாளில் தேதி போட்டு வையுங்கள். கரி விரலில் ஒட்டும், வேட்டியில் படும். பழைய வேட்டியாகக் கட்டிக்கொள்ளுங்கள்.